ஒரே பெயர், பல புழுக்கள்

நுழையும் முன்

உயிர்களை அவற்றின் அறிவின் அளவைக் கொண்டு ஆறாகப் பகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். பகுத்தறியும் அப்பணி ஒருமுறை செய்து முடித்துவிடத் தக்கதன்று. முன்னோர் வகுத்த வகைகளைப் பின்வந்தோர் புதிய சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே அறிவியலின் நெறி. நார்வே நாட்டுக் குளிர்கடலின் சேற்றில் வாழும் சிறு புழு ஒன்றுக்கு 1835ஆம் ஆண்டில் இடப்பட்ட பெயரைப் பிற்கால அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

சேற்றில் வாழும் சுணைப்புழுக்கள்

மண்புழுவை அறியாதார் இலர். மண்புழுவைப் போலவே வளையம் வளையமாக அமைந்த உடலைக் கொண்ட புழுக்கள் கடலிலும் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றின் உடல் வளையங்களின் இருபுறமும் கற்றை கற்றையாக நுண்ணிய சுணைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூங்கிலின் மேல் உள்ள சுணையைப் போன்று மெல்லியனவாகவும் கூரியனவாகவும் அவை விளங்கும். இதனால் இப்புழுக்களைச் சுணைப்புழுக்கள் எனலாம். அறிவியலார் இவற்றுக்கு இட்ட 'பாலிகீட்டா' என்னும் பெயருக்கும் 'பல சுணைகளை உடையவை' என்பதே பொருள். இதுவரை பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட சுணைப்புழுச் சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

கடற்படுகையின் சேற்றில் ஒரு பகுதியை அள்ளிச் சல்லடையில் இட்டு அலசினால், எஞ்சும் உயிர்களில் பெரும்பங்கு சுணைப்புழுக்களாகவே இருப்பதுண்டு. அவை சேற்றைத் துளைக்கின்றன, உண்டு கழிக்கின்றன, நீரையும் அதிலுள்ள உயிர்வளியையும் சேற்றினுள் கொண்டு செல்கின்றன, மீன்களுக்கு இரையாகின்றன. வயலுக்கு மண்புழு எவ்வாறோ, கடற்படுகைக்குச் சுணைப்புழு அவ்வாறே. ஓரிடத்தில் எந்தெந்தப் புழுக்கள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்த்தே அவ்விடத்துக் கடற்படுகை நலமாக உள்ளதா, மாசுற்றுள்ளதா என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். நார்வேயின் கடற்பகுதியில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் சூழ்ந்த படுகைகளும் இவ்வாறே கண்காணிக்கப்படுகின்றன.

எண்ணுவதற்கு முன் ஒன்று தெரிந்திருத்தல் வேண்டும். கையில் இருக்கும் புழு எது? அதன் பெயர் என்ன? எளிதாகத் தோன்றும் இவ்வினாவே இப்பாடத்தின் மையம்.

ஒரு பாதிரியார் இட்ட பெயர்

மிக்கேல் சார்ஸ் (1805–1869) நார்வே நாட்டின் மேற்குக் கடற்கரையில் திருச்சபைப் பணியாற்றிய பாதிரியார். ஓய்வு நேரங்களில் கடல் உயிர்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் விலங்கியல் பேராசிரியராகவும் உயர்ந்தார். பெர்கன் நகரத்தை ஒட்டிய கடலில் தாம் கண்ட புதிய உயிர்களைப் பற்றி 1835ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவும் இடம்பெற்றது. அதற்கு 'டெரபெல்லிடீஸ் ஸ்ட்ரோமியை' என்று அவர் பெயரிட்டார்.

இப்புழு சேற்றினுள் உடலைப் புதைத்துக்கொண்டு வாழும். வாயைச் சூழ்ந்த பல உணர்கொம்புகளை வெளியே நீட்டிச் சேற்றின் மேற்பரப்பில் படிந்த உணவுத் துகள்களைத் திரட்டி உண்ணும். இதன் முதுகின் முற்பகுதியில் ஒற்றைக் காம்பின்மேல் செவுள் ஒன்று நிற்கும். அச்செவுள் நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மடலிலும் நூலின் ஏடுகளை அடுக்கியது போன்று மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். இத்தகைய செவுளை உடைய புழுவைப் பிற புழுக்களிலிருந்து பிரித்தறிவது எளிது. இந்த எளிமையே பின்னாளில் பெரும் குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

உலகெங்கும் பரவிய பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்கடல்களை நோக்கி ஆய்வுப் பயணங்கள் பெருகின. ஆண்டர்ஸ் யோகன் மால்ம்கிரென் 1860களில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா ஆகிய பகுதிகளின் சுணைப்புழுக்களை ஆராய்ந்து எழுதினார். 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பல் தென்கடல்களிலிருந்தும் புழுக்களைக் கொண்டு வந்தது. அவற்றை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் மெக்கின்டாஷ் 1885இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்.

இவ்வாறு தொலைவிடங்களிலிருந்து வந்த புழுக்கள் பலவற்றில் ஒற்றைக் காம்பும் நான்கு மடலும் உடைய செவுள் காணப்பட்டது. அவற்றைக் கண்டவர்கள் தங்களிடமிருந்த ஐரோப்பிய நூல்களைப் புரட்டினர், அடையாளம் பொருந்தியது, 'ஸ்ட்ரோமியை' என்று எழுதினர். ஆர்க்டிக் கடல், அட்லாண்டிக், மத்தியதரைக் கடல், பசிபிக், அண்டார்க்டிக் கடல் என எங்கும் அப்புழு வாழ்வதாகப் பட்டியல்கள் கூறத் தொடங்கின. ஆழம் குறைந்த கரையோரத்திலும் ஆழ்கடலிலும் அதே பெயர் இடம்பெற்றது.

இப்புழுவுக்கு மட்டும் இந்நிலை நேரவில்லை. பிரான்சு நாட்டு அறிஞர் பியர் ஃபோவெல் தம் நாட்டுச் சுணைப்புழுக்களைப் பற்றி 1923இலும் 1927இலும் எழுதிய இரு தொகுதிகள் தெளிவான படங்களைக் கொண்டிருந்தன. ஆகவே பிரான்சுக் கடலுக்கென எழுதப்பட்ட அந்நூல்களைப் பிற கண்டங்களின் ஆய்வாளர்களும் பயன்படுத்தினர். இந்திய விலங்கின வரிசையில் 1953இல் வெளிவந்த சுணைப்புழுத் தொகுதியை எழுதியவரும் ஃபோவெலே ஆவார். இந்தியக் கடல்களின் புழுக்கள் பலவற்றுக்கு ஐரோப்பியக் கடல்களில் முதலில் கண்டறியப்பட்டவற்றின் பெயர்களையே அத்தொகுதி வழங்கியது. இவ்வாறு, சுணைப்புழுக்கள் பல உலகெங்கும் பரவி வாழ்பவை என்னும் கருத்து நிலைபெற்றது.

ஐயம் பிறந்தது

நெடுந்தொலைவு பரவி வாழ வேண்டுமெனில் ஓர் உயிர் நெடுந்தொலைவு செல்ல இயல வேண்டும். சேற்றில் புதைந்து வாழும் புழு தானே நீந்திப் பெருங்கடலைக் கடப்பதில்லை. அதன் இளவுயிரி நீரோட்டத்தில் மிதந்து சென்றால்தான் புதிய இடத்தை அடையும். சுணைப்புழுக்கள் பலவற்றின் இளவுயிரிகளோ சில நாள்களே மிதப்பவை. சிலவற்றில் மிதக்கும் பருவமே இல்லை. நார்வேயில் பிறந்த புழுவின் வழித்தோன்றல் அண்டார்க்டிக் கடலை அடைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. உலகின் பல பகுதிகளிலிருந்து 'ஸ்ட்ரோமியை' என்னும் பெயரில் சேகரிக்கப்பட்ட புழுக்கள் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. செவுளின் மடல்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் அளவு, அவற்றின் நீளம், வடிவம் ஆகியவற்றில் வேறுபாடுகள் புலப்பட்டன. புதிய சிற்றினங்களும் அவற்றிலிருந்து பிரித்தறியப்பட்டன. எல்லாரும் பார்த்த செவுள்தான் அது. ஆனால் செவுள் இருக்கிறதா என்று பார்த்தவர்களே பலர். அது எவ்வாறு இருக்கிறது என்று நுணுகிப் பார்த்தவர்கள் சிலர்.

அதன்பின் அறிஞர்கள் வேறு அடையாளங்களையும் தேடினர். மின்னணு நுண்ணோக்கியின் வழியே சுணைகளின் நுனியில் உள்ள பற்களை எண்ணினர். மெத்தில் பச்சை என்னும் சாயத்தில் புழுவைத் தோய்த்து, உடலின் எவ்விடங்கள் சாயத்தை ஏற்கின்றன என்று பார்த்தனர். சுரப்பிகள் உள்ள இடங்கள் அழுத்தமாக நிறம் ஏற்பதால், சாயம் படியும் பாங்கு சிற்றினந்தோறும் மாறுபடக்கூடும்.

ஐஸ்லாந்துக் கடலில் கிடைத்த புழுக்கள் இதற்குச் சிறந்த சான்றாகும். இப்பேரினத்தைச் சேர்ந்த புழுக்களின் முன்னுடலில் ஒரு வளையத்தில் முழங்காலைப் போன்று மடங்கிய சுணைகள் இருப்பது வழக்கம். ஐஸ்லாந்துப் புழுக்கள் சிலவற்றிலோ அத்தகைய சுணைகள் அடுத்தடுத்த இரு வளையங்களில் காணப்பட்டன. ஆகவே 2011இல் அவை தனிச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டன. 'இருமுறை முழங்கால் மடங்கியது' என்னும் பொருள்படும் 'பைஜெனிகுலேட்டஸ்' என்பது அதன் பெயராயிற்று.

வகைமாதிரியைத் தேடி

ஒரு பெயரின்கீழ்ப் பல சிற்றினங்கள் கலந்துள்ளன என்று தெரிந்தபின் அடுத்த வினா எழுகிறது. அவற்றுள் பழைய பெயருக்கு உரியது எது?

விலங்கியலில் இதற்கு உறுதியான நெறி உண்டு. புதிய சிற்றினம் ஒன்றை அறிவிப்பவர் அதற்குச் சான்றாக ஓர் உயிரியை அருங்காட்சியகத்தில் வைக்கிறார். அதற்கு வகைமாதிரி என்று பெயர். நிறுத்தல் அளவைக்குப் படிக்கல் எவ்வாறு சான்றோ, பெயருக்கு வகைமாதிரி அவ்வாறு சான்று. பின்னர் எத்தனை குழப்பம் நேர்ந்தாலும், வகைமாதிரி எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்ததோ அதற்கே அப்பெயர் உரியது. எஞ்சியவை வேறு பெயர் பெற வேண்டும்.

சார்ஸ் வாழ்ந்த காலத்தில் இவ்வழக்கம் இன்றுபோல் நிலைபெறவில்லை. அவர் கண்டெழுதிய புழுவின் வகைமாதிரி பிற்கால ஆய்வாளர்களுக்குக் கிட்டவில்லை. அவர் எழுதிய விளக்கமோ மிகச் சுருக்கமானது. இன்று அறியப்பட்ட சிற்றினங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும். இத்தகைய நிலையில் புதிய வகைமாதிரி ஒன்றைத் தெரிவு செய்ய விலங்கியல் பெயரிடல் விதிகள் இடமளிக்கின்றன. அதனைக் கூடுமானவரை முதன்முதலில் புழு கிடைத்த இடத்திலிருந்தோ அதற்கு அண்மையிலிருந்தோ எடுக்க வேண்டும் என்பது விதி. ஸ்பெயின் நாட்டின் ஹூலியோ பராப்பரும் ஆஸ்திரேலியாவின் பாட்ரிசியா ஹட்சிங்ஸும் இணைந்து அப்பணியைச் செய்தனர். 'ஸ்ட்ரோமியை'யின் உடலமைப்பை முழுமையாக மறுபடியும் விளக்கி எழுதி, அதற்குப் புதிய வகைமாதிரியையும் நிறுவினர்.

இதனால் பழைய பெயருக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. இனி எந்தப் புழுவையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மரபணு காட்டிய உண்மை

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை மட்டும் நம்புவதில் ஓர் இடர் உண்டு. இரு சிற்றினங்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றோடொன்று கலவாமல் வாழ்ந்திருந்தும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். ஒரே வகைச் சேறு, ஒரே வகை உணவு, ஒரே வகை வாழ்க்கை என்னும்போது உருவம் மாற வேண்டிய தேவை எழாமல் போகலாம். இவ்வாறு உருவ ஒற்றுமையில் மறைந்து நிற்பவற்றை மறைசிற்றினங்கள் என்பர்.

இவற்றைக் கண்டறிய மரபணு உதவுகிறது. உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சிறு பகுதியைப் படித்து உயிரிகளை அடையாளம் காணலாம் என்னும் முறையைக் கனடா நாட்டின் பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்தனர். கடைப்பொருளின் மேல் அச்சிட்ட கோடுகள் அப்பொருளை அடையாளம் காட்டுவதுபோல் இப்பகுதி உயிரியை அடையாளம் காட்டுகிறது. கனடாவைச் சூழ்ந்த மூன்று பெருங்கடல்களின் சுணைப்புழுக்கள் இம்முறையில் ஆராயப்பட்டு 2011இல் முடிவுகள் வெளியாயின. ஒரே பெயரில் வழங்கிய புழுக்கள் பலவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்த மரபு வழிகள் மறைந்திருப்பது அப்போது தெரியவந்தது.

இதற்கும் ஒரு தடை இருந்தது. அருங்காட்சியகங்களின் பழைய புழுக்கள் பெரும்பாலும் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டவை. ஃபார்மலின் உடலின் வடிவத்தை நன்கு காக்கும். ஆனால் மரபணுவைச் சிதைத்துவிடும். எனவே மீண்டும் கடலுக்குச் சென்று புதிதாகப் புழுக்களைச் சேகரித்து எத்தனாலில் இட வேண்டியதாயிற்று.

வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் அதனை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியிலும் கிடைத்த 'டெரபெல்லிடீஸ்' புழுக்களை ஆர்னே நைகிரென் தலைமையிலான குழு இவ்வாறு ஆராய்ந்தது. மைட்டோகாண்டிரியாவிலிருந்து இரண்டும் உயிரணுவின் கருவிலிருந்து இரண்டுமாக நான்கு மரபணுப் பகுதிகள் ஒப்பிடப்பட்டன. ஒரு மரபணு மட்டும் சொல்வது தவறாக இருக்கலாம். வெவ்வேறு இடத்திலுள்ள மரபணுக்கள் ஒரே பிரிவினையைக் காட்டினால் முடிவு உறுதியாகும்.

2018இல் வெளியான முடிவு அறிஞர்களையே வியக்க வைத்தது. அப்பகுதியில் 25க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் வாழ்ந்தன. அவற்றுள் முன்னரே பெயர் பெற்றிருந்தவை ஏழு மட்டுமே. மேலும், அவை தனித்தனிக் கடல்களில் ஒதுங்கி வாழவில்லை. ஒரே பகுதியில் பல சிற்றினங்கள் அருகருகே வாழ்ந்தன. ஓரிடத்தில் கூடி வாழ்ந்தும் அவை தம்முள் கலவாதிருப்பதே அவை வெவ்வேறு சிற்றினங்கள் என்பதற்கு வலுவான சான்றாகும். அக்கடலில் இப்பேரினத்துப் புழு ஒன்றை எடுத்தால், அது பெயருள்ள சிற்றினமாக இருப்பதைவிடப் பெயரில்லாததாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று அவ்வாய்வு கூறியது.

மரபணு பிரித்துக் காட்டியதோடு பணி முடியவில்லை. அறிஞர்கள் புழுக்களை மறுபடியும் நுண்ணோக்கியின்கீழ் வைத்தனர். இம்முறை எவற்றை எவற்றோடு ஒப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முன்பு தற்செயலான வேறுபாடுகள் என்று ஒதுக்கப்பட்ட சிறு அடையாளங்கள் இப்போது பொருளுடையனவாயின. 2020இல் ஐந்து சிற்றினங்களுக்கு முழுமையான விளக்கமும் பெயரும் வழங்கப்பட்டன. அவற்றுள் 'நார்வேஜிகா' நார்வேயையும், 'ஸ்காட்டிகா' ஸ்காட்லாந்தையும் நினைவூட்டும் பெயர்கள்.

பெயர் பிழைத்தால் என்ன நேரும்?

புழு ஒன்றே என்றாலும் பலவே என்றாலும் கடலுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றலாம். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் நிகழ்ந்தது இதற்கு விடை கூறும்.

பால்டிக், உப்புக் குறைந்த குளிர்கடல். 1985இல் அதன் ஜெர்மானியக் கரையில் அதுவரை அங்கில்லாத சுணைப்புழு ஒன்று தென்பட்டது. அது விரைந்து பெருகியது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் 'மாரன்செல்லேரியா விரிடிஸ்' என்னும் புழுவே வந்தேறியுள்ளது என்று கருதப்பட்டது. 1990களில் மேற்கொண்ட மரபியல் ஆய்வுகள், வடகடலில் பரவியதும் பால்டிக்கில் பரவியதும் ஒன்றல்ல என்று காட்டின. 2004இல் இப்பேரினம் முழுமையாக மறு ஆய்வு செய்யப்பட்டது. பால்டிக்கில் பரவிய புழுவுக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டது. 'நெக்லெக்டா' என்பது அப்பெயர். 'கவனிக்கப்படாதது' என்பது அதன் பொருள். அதன்பின், ஆர்க்டிக் கடலுக்குரிய 'ஆர்க்டியா' என்னும் மூன்றாவது சிற்றினமும் பால்டிக்கின் வடபகுதியில் வாழ்வது தெரியவந்தது. ஒரு புழு வந்தது என்று எண்ணியிருந்த கடலில் மூன்று புழுக்கள் குடியேறியிருந்தன.

இம்மூன்றும் உருவத்தால் ஒத்தவை, செயலால் வேறுபட்டவை. சேற்றைத் துளைக்கும் ஆழத்திலும், வளைக்குள் நீரை இறைக்கும் முறையிலும் அவற்றிடையே வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடு கடலின் நலத்தோடு தொடர்புடையது. சேற்றில் உயிர்வளி இருக்கும்வரை அங்குள்ள இரும்பு, பாஸ்பரசைப் பிடித்து வைத்திருக்கும். உயிர்வளி தீர்ந்தால் பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலக்கும். அதனை உண்டு பாசிகள் பெருகும். பாசிகள் மடிந்து அழுகும்போது எஞ்சிய உயிர்வளியும் தீரும். இச்சுழற்சி பால்டிக் கடலை நெடுங்காலமாக வாட்டி வருகிறது. புழுக்கள் ஆழமாகத் துளைத்துச் சேற்றினுள் உயிர்வளியைச் செலுத்தினால் இச்சுழற்சி தளரக்கூடும் என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துரைத்தது. எனில், எந்தப் புழு எங்கு வாழ்கிறது என்று அறியாமல் அக்கடலின் எதிர்காலத்தைக் கணிக்க இயலுமா? மூன்றையும் ஒரே பெயரில் எண்ணினால் கணக்கும் தவறும். கணக்கை நம்பி எடுக்கும் முடிவும் தவறும்.

ஒன்றாகவே நின்ற புழு

மறு ஆய்வு என்பது எதையும் பலவாகப் பிரித்துக் காட்டுவதற்கான முயற்சி என்று கருதுதல் தவறு. உண்மையை அறிவதே அதன் நோக்கம். 'ஸ்கிளிரோலைனம் கன்டோர்ட்டம்' என்னும் நூல்போன்ற புழு, நார்வேயின் வடக்கே ஆழ்கடலில் உள்ள ஹாகன் மொஸ்பி சேற்று எரிமலையிலிருந்து 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வாயும் குடலும் இல்லாத இப்புழு தன் உடலுக்குள் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்கித் தரும் உணவைக் கொண்டே வாழ்கிறது. இதனைப் போன்ற புழுக்கள் மெக்சிகோ வளைகுடாவிலும் அண்டார்க்டிக் கடலிலும் கிடைத்தன. இவ்வளவு தொலைவில் இருப்பவை வேறு வேறாகத்தான் இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகள் அவை யாவும் ஒரே சிற்றினம் என்று காட்டின. உலகெங்கும் பரவிய புழு என்று முன்பு எண்ணப்பட்டது பலவாயிற்று. பலவாக இருக்கும் என்று எதிர்பார்த்தது ஒன்றாயிற்று. இரண்டையும் சொன்னது சான்றே.

வெப்பமடையும் கடலில்

இன்று ஆர்க்டிக் பகுதி உலகின் பிற பகுதிகளைவிட விரைவாக வெப்பமடைந்து வருகிறது. தெற்கே வாழும் உயிர்கள் வடக்கு நோக்கி நகர்கின்றன. கடுங்குளிருக்குப் பழகிய உயிர்களுக்கோ மேலும் வடக்கே செல்ல இடம் குறைவு. இந்நிலையில் தெற்கத்திச் சிற்றினம் ஒன்று வந்து வடக்கத்திச் சிற்றினம் ஒன்று மறைந்தாலும், இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கினால் பட்டியலில் எந்த மாற்றமும் தெரியாது. நேற்றும் 'ஸ்ட்ரோமியை' இருந்தது. இன்றும் 'ஸ்ட்ரோமியை' இருக்கிறது என்றே ஏடு கூறும். ஓர் உயிரினம் அழிந்ததுகூட எவருக்கும் தெரியாமல் போகும். பெயர் இல்லாத ஒன்றின் இழப்பை எவரும் பதிவு செய்வதில்லை.

சார்ஸ் தவறிழைத்தார் என்று இதனால் கூறிவிட முடியாது. அவர் தம் கையில் இருந்த கருவிகளைக் கொண்டு தாம் கண்டதை எழுதினார். அவர் கண்ட புழுவுக்கு இன்றும் அவர் இட்ட பெயரே வழங்குகிறது. ஒப்பிட்டுப் பாராமல் அப்பெயரைப் பிற புழுக்களுக்கும் நீட்டித்ததே குழப்பத்தை விளைவித்தது. 25க்கும் மேற்பட்ட அச்சிற்றினங்களுள் சில இன்னும் பெயருக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, செவுளை அளந்து, சுணையை எண்ணி, வகைமாதிரியை வைத்துப் பெயரிடும் பணி தொடர்கிறது.

பொருள் அறிவோம்

சுணை – மெல்லிய கூரிய முள்மயிர்
உயிர்வளி – ஆக்சிஜன்
செவுள் – நீர்வாழ் உயிர்கள் சுவாசிக்கும் உறுப்பு
சிற்றினம் – தமக்குள் கலந்து இனம் பெருக்கும் உயிர்களின் தொகுதி
பேரினம் – நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி
வகைமாதிரி – ஒரு சிற்றினப் பெயருக்குச் சான்றாக வைக்கப்படும் உயிரி
மறைசிற்றினம் – உருவத்தால் பிரித்தறிய இயலாத தனிச் சிற்றினம்
இளவுயிரி – முட்டையிலிருந்து வெளிவந்த முதிராப் பருவ உயிர்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'பாலிகீட்டா' என்பதன் பொருள்
(அ) பல கால்கள் உடையவை (ஆ) பல சுணைகள் உடையவை (இ) பல கண்கள் உடையவை (ஈ) பல செவுள்கள் உடையவை

2. 'ஸ்ட்ரோமியை' என்னும் பெயர் இடப்பட்ட ஆண்டு
(அ) 1835 (ஆ) 1872 (இ) 1885 (ஈ) 1923

3. பால்டிக் கடலில் 'கவனிக்கப்படாதது' என்னும் பொருளில் பெயர் பெற்ற சிற்றினம்
(அ) விரிடிஸ் (ஆ) ஆர்க்டியா (இ) நெக்லெக்டா (ஈ) பைஜெனிகுலேட்டஸ்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. டெரபெல்லிடீஸ் புழுவின் செவுள் எவ்வாறு அமைந்துள்ளது?
2. ஃபார்மலினில் பதப்படுத்திய புழுக்கள் மரபணு ஆய்வுக்குப் பயன்படாமைக்குக் காரணம் யாது?
3. புதிய வகைமாதிரியை எவ்விடத்திலிருந்து எடுத்தல் வேண்டும்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. ஐரோப்பியப் புழுக்களின் பெயர்கள் பிற கடல்களின் புழுக்களுக்கும் வழங்கப்பட்டது ஏன்?
2. ஓரிடத்தில் கூடி வாழ்ந்தும் கலவாதிருத்தல் எதற்குச் சான்றாகிறது? விளக்குக.
3. சேற்றில் உயிர்வளி தீர்ந்தால் பால்டிக் கடலில் நிகழும் சுழற்சியை எழுதுக.

ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

'பெயர் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும்' – இக்கருத்தைப் பாடத்தில் வரும் இரு சான்றுகளைக் கொண்டு நிறுவுக.

உ. பிரித்து எழுதுக.

கடற்படுகை, தொலைவிடங்கள், நுண்ணுயிரி, பெருங்கடல்

ஊ. செயல்பாடு

பள்ளி வளாகத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இருவகை எறும்புகளையோ புற்களையோ உற்று நோக்குக. முதல் பார்வையில் புலப்படாத மூன்று வேறுபாடுகளைப் படத்துடன் குறித்து, வகுப்பில் படித்துக் காட்டுக.